முதற் பட்டதாரி

சேலத்தினின்று ஓமலூர் செல்லும் பெருவழியில் கருப்பூர் உள்ளது. 1966-இல் தொடங்கப்பெற்ற அரசு பொறியியற் கல்லூரியும், 1997-இல் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகமும் அங்கு விளங்குகின்றன. மானாவாரி நிலத்தில் நிலக்கடலை விதைப்போரும், தாரமங்கலத்துத் தறிகளில் நெய்வோரும் நாள்தோறும் அவ்வாயில்களைக் கடந்து செல்கின்றனர். அவர்தம் மக்கள் அவற்றினுள் நுழைந்த வரலாறு நெடியது.

சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைப் பல வகுப்பார்க்கும் பங்கிட்டளிக்கும் அரசாணை நடைமுறையில் இருந்தது. அதன்படி 14 இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோர்க்கு 2, பிராமணர்க்கு 2, ஆதிதிராவிடர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முசுலிம்களுக்கு 1 எனப் பகுக்கப்பட்டன. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இவ்வாணை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சி சிறிதன்று. அவ்வாண்டு சூன் திங்களிலேயே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பெற்று, பிற்பட்டோர்க்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் உரிமை அரசுகளுக்குக் கிடைத்தது.

இடம் ஒதுக்கினால் மட்டும் போதுமோ? போதாது. ஓமலூரைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் உண்டு, ஆர்வமும் உண்டு. ஆனால், எந்தப் படிப்பை நாடுவது, விண்ணப்பத்தில் எதை எங்கே எழுதுவது, எந்நாளுக்குள் பணம் கட்டுவது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. தந்தையார் கையொப்பமிடும் இடத்தைக் கூடப் பிறர் காட்ட வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளை உணவு வேளையில் கேட்டறியும் செய்தியை இவள் ஊரெல்லாம் அலைந்து திரட்டுகிறாள். இக்குறையை மதிப்பெண் பட்டியல் காட்டுவதில்லை.

இதனை ஓரளவு உணர்ந்தே, தொழிற்கல்விக்குரிய நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006-இல் தமிழகத்தில் இயற்றப்பெற்றது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பை நாடுவோர்க்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் கிடைத்தது. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் அளிக்கும் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. இத்தொகை பெரிதன்று; எனினும் பேருந்துக் கட்டணத்திற்குத் தந்தையிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பது, படிப்பை நிறுத்திவிடலாமா என எண்ணும் வீட்டில் பெரிய செய்தியே.

முதற் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவர்க்கே உரியது. ஆதலின் அப்பெண்ணின் தம்பிக்கு அஃது இல்லை. ஆயினும், அவன் விண்ணப்பத்தை நிரப்ப இப்போது வீட்டிலேயே அக்காள் இருக்கிறாள்.