சுண்டெலிக்கு வந்த சர்க்கரை நோய்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, என் தாயார் சந்தையில் வாங்கிய ஓர் இலைப்பொடியை என் முன் வைத்தார். அவருக்கு ஆறாண்டுகளாகச் சர்க்கரை நோய். "எலிக்குக் கொடுத்துப் பார்த்ததில் குணமாயிடுச்சாம். எலிக்குக் கேட்டது எனக்குக் கேட்காதா? நீதான் காலேஜில் படிக்கிறியே, சொல்லுப்பா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. விடை தெரியாமல் விழித்தேன். பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

சாதாரணச் சுண்டெலிக்கு இந்நோயை நாம்தான் வரவழைக்க வேண்டும். 1943-இல் டன், ஷீஹன், மெக்லெச்சி என்னும் மூவர், சிறுநீரகச் சிதைவை ஆராய முயல்களுக்கு அலாக்சன் என்ற வேதிப்பொருளைச் செலுத்தினர். எதிர்பாராத விதமாகக் கணையத்திலுள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் அழிந்திருந்தன! ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ஸ்ட்ரெப்டோசோட்டோசினும் இவ்வாறே நீரிழிவை உண்டாக்கும் என்பது 1963-இல் வெளியாயிற்று. இதன் மூலக்கூறில் குளுக்கோசைப் போன்ற ஒரு பகுதி உண்டு. ஆகவே, குளுக்கோசை உள்ளே விடும் 'குளூட்-2' என்ற புரதம் இதையும் பீட்டா செல்லுக்குள் விட்டுவிடுகிறது. உள்ளே சென்ற நஞ்சு டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: செல்கள் மடியும்போது தேக்கி வைத்த இன்சுலினைக் கொட்டிவிடுவதால், எலிக்குச் சர்க்கரை நிலையாக ஏறுவதற்கு முன் ஒரு கட்டத்தில் இறங்குகிறது! அப்போது சர்க்கரைத் தண்ணீர் கொடுக்காவிட்டால் இறந்தும் போகலாம்.

1976-இல் லைக், ரொசினி ஆகியோர் இந்நஞ்சைச் சிறு அளவாகப் பல நாள் செலுத்தினர். அப்போது எலியின் சொந்த வெள்ளையணுக்களே திட்டுகளைத் தாக்கின. குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவை ஆராய இது பெரிதும் உதவிற்று.

ஆனால் என் தாயாருக்கு இருப்பது இரண்டாம் வகை. இன்சுலின் சுரக்கிறது, உடல் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. நஞ்சால் பீட்டா செல் அழிந்த எலி இதற்கு எப்படிச் சரியான மாதிரியாகும்? இன்னொன்றும் உண்டு. அலாக்சன், செல்லுக்குள் ஆக்சிஜன் தனியுறுப்புகளை உண்டாக்கியே கொல்கிறது. நஞ்சுக்கு முன்பே ஒரு மூலிகைச் சாற்றைக் கொடுத்தால், அது அந்த உறுப்புகளை அடக்கி எலியைக் காப்பாற்றலாம். அது நஞ்சு முறிவேயன்றி நோய் தீர்வு ஆகாது. என் தாயார் அலாக்சன் உண்டவர் அல்லவே! நஞ்சின் அளவு குறைந்தால் சில எலிகள் தாமாகவே தேறுவதுமுண்டு. அந்தப் பெருமையும் இலைக்கே போய்ச் சேரும்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, "அம்மா, அந்த எலிக்கு வந்தது வேற, உனக்கு வந்தது வேற. ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திடாதே" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அந்த எலிக்கு ஊசி போட்டா நோயை வரவச்சாங்க? பாவம்" என்றார்.