பூங்காவிலிருந்து ஐந்து வாட்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் எடிசனில் வசிக்கிறேன். போன வருடம் தேர்வு எழுதி ஹாம் ரேடியோவில் ஜெனரல் உரிமம் வாங்கினேன். எங்கள் டவுன்ஹவுஸ் சங்கத்தில் ஆன்டெனா என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. அதனால் ஐந்து வாட் ரேடியோ ஒன்றையும், அதன் தலையிலேயே திருகிக்கொள்ளும் சின்ன நீட்டுக்கம்பி ஆன்டெனாவையும் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் ரூஸ்வெல்ட் பூங்காவுக்குப் போனேன். 20 மீட்டர் பேண்டில் ஃப்ளோரிடா, டெக்சாஸ், இத்தாலி எல்லாம் அவ்வளவு தெளிவாகக் கேட்டன. நான் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ‘சிக்யூ, சிக்யூ’ என்று கூப்பிட்டும் ஒரு ஆள் பதில் சொல்லவில்லை. தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒரு ஹாம் அண்ணன், “அஞ்சு வாட் பொம்மைம்மா, நூறு வாட் வாங்கு” என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா? வயரும் பெட்டியுமாக உட்கார்ந்திருந்த என்னைச் சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். காவலர் யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது? டிசம்பரில் திருச்சிக்குப் போகிறேன். ரேடியோவைக் கையோடு எடுத்துப் போகலாமா?

– ஒரு வாசகி, எடிசன்

பதில்: இப்போதைக்கு நூறு வாட் வாங்காதீர்கள். அண்ணன் சொல்வது முழுக்கத் தவறில்லை. ஆனால் உங்களுக்குக் குறைவது வாட் இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐந்து வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் 20 மடங்கு வித்தியாசம். டெசிபலில் சொன்னால் 13. வந்து சேரும் சைகையின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். ஆக, நூறு வாட்டில் எஸ் 7 காட்டுகிற நிலையம் ஐந்து வாட்டுக்கு இறங்கினால் எஸ் 5-க்குச் சற்றுக் கீழே நிற்கும். அது தாராளமாகக் கேட்கக்கூடிய அளவுதான். பிறகு ஏன் ஒருவரும் பதில் சொல்லவில்லை?

டெக்சாஸ்காரரின் வீட்டை நினைத்துப் பாருங்கள். கூரையில் சோலார் இன்வெர்ட்டர், அறைக்கு அறை எல்.ஈ.டி. விளக்கு, சுவருக்குச் சுவர் மலிவுச் சார்ஜர், பக்கத்து வீட்டில் ஏதோ ஒரு மோட்டார். இவை எல்லாம் சேர்ந்து அவருடைய ரேடியோவில் எஸ் 5, எஸ் 6 அளவுக்கு ஓயாத இரைச்சலைக் கிளப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் திறந்தவெளியில் இருக்கிறீர்கள். அங்கே இரைச்சல் எஸ் 1 அல்லது எஸ் 2. அவர் நூறு வாட்டில், சில வேளை சட்டம் அனுமதிக்கும் உச்சமான 1,500 வாட்டில் பேசுகிறார். நீங்கள் அமைதியில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். உங்கள் குரலோ அவருடைய இரைச்சலுக்குள் போய் விழுகிறது. பூங்காவுக்குப் போகிற எல்லோருக்கும் இது நடக்கும். உலகமே கேட்கிறதே, நாம் பேசினால் அவர்களுக்கும் கேட்கும் என்று தோன்றும். வானம் இரு திசைக்கும் ஒன்றுதான். இரண்டு முனையிலும் இருக்கிற இரைச்சல்தான் ஒன்றாக இல்லை.

இதிலிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. உங்களைப் போலவே இன்னொரு பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஆளைத் தேடிப் பிடியுங்கள். அவருடைய காதும் அமைதியில் இருக்கிறது. பூங்காவுக்குப் பூங்கா பேசுவதற்குத் தனி மரியாதையே உண்டு, பலர் நடுவில் நிறுத்தி, “பார்க் டு பார்க் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டு முன்னுரிமை தருவார்கள். நீங்கள் சிக்யூ கூப்பிடுவதை விட்டுவிட்டு, முதல் அரை மணி நேரம் அடுத்தவர் கூப்பிடுகிற சிக்யூவுக்குப் பதில் சொல்லுங்கள். உரக்கக் கேட்கிற நிலையமாகப் பார்த்து, அவர் ஒருவரோடு முடித்து அடுத்தவரை அழைக்கும் அந்த இடைவெளியில் உங்கள் அழைப்புக்குறியை ஒரே ஒரு முறை, நிதானமாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நீங்கள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. 2016-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் நூற்றாண்டுக்காக ஏ.ஆர்.ஆர்.எல். என்ற ஹாம் சங்கம் ஓராண்டு முழுக்கப் பூங்காக்களிலிருந்து பேசும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. பத்து லட்சத்துக்கும் மேல் தொடர்புகள் பதிவாயின. ஆண்டு முடிந்ததும் அந்த ருசியை விட முடியாதவர்கள் தொடங்கியதுதான் இன்றைய ‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’, சுருக்கமாகப் போட்டா. பூங்காவில் உட்கார்ந்து பேசுகிறவர் ஆக்டிவேட்டர். வீட்டிலிருந்து அவரைத் தேடிப் பிடிக்கிறவர் ஹன்டர். ஹன்டர்கள் பேண்டை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பதில்லை. யார், எந்தப் பூங்காவில், எந்த அலைவரிசையில் என்று ஓடும் பட்டியலைத் திறந்துவைத்து அதைப் பார்த்து வருகிறார்கள். உங்கள் கைபேசியிலிருந்து உங்களை நீங்களே அந்தப் பட்டியலில் போடலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அனுமதிக்கப்பட்டதுதான். இன்ன இடத்தில் ஒரு மெல்லிய குரல் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், இரைச்சலுக்குள் காதை விட்டுத் துழாவுகிறவர்கள் நிறைய. பட்டியலில் இல்லாத ஐந்து வாட்டைக் கடந்து போய்விடுவார்கள்.

ஒரு நாளில் பத்துத் தொடர்பு சேர்ந்தால் அந்தப் பூங்கா ‘ஆக்டிவேட்’ ஆனதாகக் கணக்கு. நாள் என்பது உலகப் பொது நேரப்படி. கோடையில் இங்கே இரவு எட்டு மணிக்கு, குளிர்காலத்தில் ஏழு மணிக்கு அடுத்த நாள் பிறந்துவிடும். மாலையில் போகிறவர்கள் இதை மறந்து, எட்டுத் தொடர்போடு நாளைக் கோட்டை விடுவது வழக்கமான சோகம். இன்னொரு விஷயம்: ரூஸ்வெல்ட் பூங்கா மிடில்செக்ஸ் கவுன்டிக்குச் சொந்தம். போட்டாவில் பொதுவாக மத்திய அரசும் மாநில அரசும் வைத்திருக்கும் பூங்காக்கள்தான் சேரும். கவுன்டிப் பூங்கா, ஊர்ப் பூங்கா சேராது. அங்கே பேசுவதில் தவறில்லை, பட்டியலில்தான் இடமில்லை. உங்களுக்குப் பக்கம் சீஸ்குவேக் மாநிலப் பூங்கா. டெலவர் ராரிட்டன் கால்வாய்ப் பூங்காவும் எட்டுகிற தூரந்தான்.

இப்போது ஆன்டெனா. உங்கள் கடிதத்தில் என்னை நெற்றியைச் சுருக்க வைத்தது அதுதான். 20 மீட்டர் பேண்டில் அரை அலை என்பது சுமார் பத்து மீட்டர் நீளம். ரேடியோவின் தலையில் நிற்கிற ஒன்றேகால் மீட்டர்க் கம்பி, உள்ளே சுருள் வைத்து, ‘நானும் அந்த நீளந்தான்’ என்று ரேடியோவை நம்பவைக்கிறது. ரேடியோ நம்பிவிடும், ஆன்டெனாவின் பொருத்தத்தை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். அழகாக ஒன்றுக்கு ஒன்று காட்டும். ஆனால் ஐந்து வாட்டில் பெரும்பகுதி சுருளையும் மண்ணையும் சூடாக்கிவிட்டுப் போகும். எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பதை நல்ல ஆன்டெனா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனைக்காக வைத்திருக்கிற டம்மி லோடுக்கும் அது ஒன்றுக்கு ஒன்றுதான். அதிலிருந்து அடுத்த தெருவுக்குக்கூட ஒன்றும் போகாது.

நூறு வாட் ரேடியோவுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து, ஒரு முனையில் ஊட்டுகிற அரை அலை வயர் ஒன்று வாங்குங்கள். கூடவே 49-க்கு 1 மின்மாற்றிப் பெட்டி வரும். இருபது மீட்டர் நீளமுள்ளதை வாங்கினால் 40, 20, 15, 10 மீட்டர் என நான்கு பேண்டும் ட்யூனர் இல்லாமலே அதில் ஓடும். இடம் குறைவு என்றால் 20 மீட்டர் பேண்டுக்கு மட்டும் பத்து மீட்டர் வயர் போதும். மடக்கி நீட்டுகிற ஃபைபர் கிளாஸ் கோல் ஏழு முதல் பத்து மீட்டர் உயரத்தில் கிடைக்கிறது. அதைச் சாப்பாட்டு மேசையின் காலோடு பட்டை போட்டுக் கட்டி, உச்சியிலிருந்து வயரைச் சாய்வாக இறக்குங்கள். மரத்தில் கயிறு எறியத் தெரிந்தவர்கள் கோலே வேண்டாம் என்பார்கள். ஆனால் மரத்தில் எதையும் கட்டக் கூடாது என்று சில பூங்காக்களில் விதி உண்டு, கோல் இருந்தால் அந்தத் தகராறே இல்லை. வயர் தரையிலிருந்து ஒரு மீட்டரில் கிடைமட்டமாகக் கிடந்தால் அலை மேலே கிளம்பி அக்கம்பக்க மாநிலங்களோடு நின்றுவிடும். முடிந்தவரை உயரம், முடிந்தவரை சாய்வு. மின்கம்பி போகிற இடத்தின் பக்கமே கோலைத் தூக்காதீர்கள். தூரத்தில் இடி கேட்டால் அப்போதே மூட்டை கட்டிவிடுங்கள்.

கடற்கரைக்குப் போக மனமிருந்தால் சாண்டி ஹுக். 1764-இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்னும் வேலை செய்கிற இடம். தேசியப் பூங்காத் துறையின் நிலம். அங்கே செங்குத்து ஆன்டெனாதான் சரி: 20 மீட்டர் பேண்டுக்கு ஐந்து மீட்டர்க் கம்பியும், அடியில் மணலில் பரப்பிய நாலைந்து வயர்களும். உப்பு நீர் அலைக்கு அருமையான கண்ணாடி. தொடுவானத்தை ஒட்டிப் போகும் தாழ்வான கோணத்தில் அலை கிளம்பும், ஐரோப்பாவுக்கு வேண்டியது அந்தக் கோணம். கடல் ஓரத்திலிருந்து தள்ளி வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்தால் இந்த லாபத்தில் பாதிகூட வராது. காற்றுதான் தொல்லை, கோலைக் கட்ட மூன்று பக்கமும் கயிறு வேண்டும்.

நேரத்தில் நீங்கள் செய்தது சரி. பகலில் 20 மீட்டர், காலையிலும் மாலையிலும் 40 மீட்டர். குறைந்த வாட்டில் குரலில் பேசுகிறவர்கள் கூடும் இடம் 14.285 மெகாஹெர்ட்ஸ்; உங்கள் ஜெனரல் உரிமத்துக்குள் வருகிறது. யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்காருங்கள்.

இவ்வளவும் செய்தபின், குரலிலேயே நிற்பதா என்பதை யோசியுங்கள். பேச்சுக்கு இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸ் அதில் பத்தில் ஒரு பங்கில் அடங்கிவிடும். கேட்கிறவரும் வடிகட்டியை அவ்வளவுக்கு இறுக்கிக்கொள்வார், இரைச்சலும் பத்தில் ஒன்றாகக் குறையும். ஐந்து வாட் மோர்ஸ் கிட்டத்தட்ட ஐம்பது வாட் குரலுக்குச் சமமாகிறது, ஒரு டாலர் செலவில்லாமல். இன்னொரு வசதி, மோர்ஸில் சிக்யூ அடித்தால் உலகெங்கும் தானாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ரிவர்ஸ் பீக்கன் நிலையங்கள் உங்கள் குறியைப் பிடித்துப் போடும். போட்டா தளத்தில் முன்பே நேரத்தைப் பதிந்துவைத்திருந்தால், கைபேசி சிக்னல் இல்லாத காட்டிலும் உங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிடும். 14.060 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெதுவாக அடிப்பவர்களுக்கு மெதுவாகவே பதில் சொல்வார்கள்.

எஃப்.டி.8 பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. உங்கள் பக்கத்து ஊரான பிரின்ஸ்டனின் ஜோ டெய்லர், 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர், ஸ்டீவ் ஃபிராங்கேவோடு சேர்ந்து 2017-இல் கொண்டுவந்த கணினி வழி முறை. பதினைந்து வினாடிக்கு ஒரு சிறு செய்தி. மனிதக் காதுக்கு எட்டாத அளவு அமுங்கிய சைகையையும் கணினி படித்துவிடும். பத்துத் தொடர்பு வேண்டும் என்பது மட்டுமே குறி என்றால் ஐந்து வாட்டுக்கு இதைவிட நிச்சயமான வழி இல்லை. எனக்கு என்னவோ, பூங்காவுக்குப் போயும் மடிக்கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருக்க மனம் வருவதில்லை. உங்கள் விருப்பம்.

இதையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் அப்போது நூறு வாட்டைப் பற்றிப் பேசலாம். அது முழுச் சக்தியில் அனுப்பும்போது இருபது ஆம்பியர் கேட்கும். அதற்குத் தக்க பேட்டரியைத் தோளில் சுமக்க வேண்டும். இப்போதோ அரைக் கிலோகூட வராத மூன்று ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் ஒரு பிற்பகலை ஓட்டிவிடலாம். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதியே, தொடர்புக்குத் தேவையான குறைந்தபட்சச் சக்தியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. எத்தனை பேர் பின்பற்றுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

காவலர் விஷயம். நம் தோல் நிறத்தில் ஒருவர் கம்பமும் வயரும் கறுப்புப் பெட்டியுமாக உட்கார்ந்தால் கூடுதலாக இரண்டு பார்வை விழும். விழாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மறைவான மூலையைத் தேடாமல் நாலு பேர் நடமாடும் மேசையில் உட்காருங்கள். ‘அமெச்சூர் ரேடியோ’ என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டையில் உங்கள் அழைப்புக்குறியையும் போட்டு மேசைமேல் நிறுத்துங்கள். உரிமத்தின் நகல் பையில் இருக்கட்டும். புதிய பூங்காவுக்கு முதல் தடவை போகுமுன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், ரேஞ்சர் வரும்போது “ஓ, நீங்கள்தானா” என்றுதான் பேச்சு தொடங்கும். உரிமம் அலையில் பேசத்தான் உரிமை தருகிறது, பூங்கா நிலத்தில் கோல் நட அல்ல. ஆகவே எடுக்கச் சொன்னால் வாதிடாமல் எடுத்துவிடுங்கள். நடப்பவர்கள் வயரில் தடுக்காமல் பளிச்சென்ற ரிப்பன் கட்டுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்பது மீன் கிடைத்ததா என்றுதான். கோல் அப்படி இருக்கிறது. காவலரைவிட நான் அஞ்சுவது உண்ணியைத்தான். புல்லில் வயரை விரித்துவிட்டு வீட்டுக்குப் போனதும் கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் பாருங்கள். லைம் நோய் இந்த மாநிலத்தில் சாதாரணமாக இருக்கிறது.

திருச்சிக்கு ரேடியோவை எடுத்துப் போகாதீர்கள். அமெரிக்க உரிமம் இந்தியாவில் தானாகச் செல்லாது. அங்கே தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் அலைபரப்பும் கருவியோடு சுங்கத்தில் நிற்பது விடுமுறையைத் தொடங்குகிற முறையல்ல. இங்கிருந்தே ஊரைப் பிடிக்கலாமா என்று கேட்பீர்கள். முயலலாம். நியூ ஜெர்சியிலிருந்து தமிழ்நாடு சுமார் 13,500 கிலோமீட்டர். நேர்வழி வடகிழக்கே ஏறி ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டு இறங்குகிறது, சூரியன் சீறுகிற நாட்களில் அந்தப் பாதை அடைபட்டுவிடும். ஐந்து வாட்டில் வி.யூ. என்று தொடங்கும் இந்திய அழைப்புக்குறி ஒன்று பதில் சொன்னால் எனக்கும் எழுதுங்கள். டிசம்பர்ப் பெட்டியில் இடமிருந்தால் மோர்ஸ் சாவியையும் பயிற்சிக்கான சின்ன ஆசிலேட்டரையும் போட்டுக்கொள்ளுங்கள். அவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.