லூப் போட முன் ஏன் இந்த டெஸ்ட்?

கேள்வி: எனக்கு 31 வயது. இரண்டு பிள்ளைகள். லூப் போடக் கிளினிக் போனேன். பார்த்த டொக்டர், “வெள்ளைபடுவது சரியில்லை. மாத்தளை ஆஸ்பத்திரி எஸ்.டி.டி. கிளினிக்கில் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாங்க, பிறகு போடுவம்” என்று துண்டு தந்தார். கணவரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. துண்டை அவரிடம் காட்டவே பயமாக இருக்கிறது. கட்டாயம் எடுக்க வேண்டுமா?
— பெயர் வேண்டாம், உக்குவளை

பதில்: எடுங்கள், தங்கச்சி. லூப்பை மெல்லிய குழாயில் வைத்துக் கருப்பை வாய் வழியாகத்தான் உள்ளே செலுத்துவார்கள். அங்கே கிளமிடியா, கொனோரியா கிருமி இருந்தால் அதுவும் கூடவே மேலேறிவிடும். அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று தொடங்கி, கருக்குழாய் அடைபடும்வரை போகலாம். போட்ட முதல் மூன்று வாரத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். அறிகுறி இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் அன்றே போடலாம். உங்களுக்கு டொக்டர் கண்ணால் கண்டதால் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளைபடுவதெல்லாம் பாலியல் நோயல்ல. சாதாரண பூஞ்சணத் தொற்றாகவும் இருக்கலாம். கிளமிடியா என்றே வந்தாலும், அது மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. அதை வைத்து வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சாட்ட இடமில்லை.

பிள்ளை வயிற்றிலிருந்தபோது இரத்தம் எடுத்தார்களே, அதில் சிபிலிசுக்கான வீ.டி.ஆர்.எல். டெஸ்டும் ஒன்று. அப்போது உங்கள் நடத்தையை யாரும் கேட்கவில்லை. எல்லாத் தாய்மாருக்கும் ஒரே மாதிரிச் செய்ததன் பலனாக, எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. இந்த டெஸ்டையும் அதே மனதோடு பாருங்கள்.

எஸ்.டி.டி. கிளினிக்கில் எல்லாம் இலவசம். விபரம் வெளியே போகாது. பஞ்சுக் குச்சியால் கருப்பை வாயைத் தொட்டெடுப்பது சில நிமிட வேலை. கிளமிடியா என்றால் வழக்கமாக 7 நாள் மாத்திரை. கணவரும் மருந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குத் திரும்பவும் தொற்றும். மருந்து முடியும்வரை உறவு வேண்டாம். லூப் போடும்வரை ஆணுறை பாவியுங்கள். மிட்வைஃபிடம் கேட்டால் தருவார்.

கணவரிடம், “லூப் போட முன் இந்த டெஸ்ட் வேணுமாம், நீங்களும் வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். அடிப்பார் என்ற பயமென்றால் முதலில் தனியே போங்கள். அந்தப் பயத்தையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அவரிடம் எப்படிப் பேசுவது என்று அவர்கள் உங்களோடு சேர்ந்து யோசிப்பார்கள்.