நிரலும் வரப்பும்: கணிப்பொறி நிரலைக் கண்ணுக்கு எளிதாக்கும் முறைமை

முன்னுரை

பெரியாற்று நீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த வழியே 1895ஆம் ஆண்டு முதல் நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வருகின்றது. கூடலூர்ப் பகுதி தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்கு அந்நீர் கால்வாய், வாய்க்கால், மடை, வயல் எனப் பிரிந்து பாய்கின்றது. எந்த மடை எந்த வயலுக்கு உரியது என்பதை வரப்பைக் கண்ட அளவிலேயே உழவர் அறிவர்.

கணிப்பொறி நிரலிலும் கட்டளைகள் இவ்வாறே ஒன்றனுள் ஒன்று அடங்கி நிற்கின்றன. அவற்றிற்கு வரப்பாக அமைவன இடைவெளி, வரி அமைப்பு, நிறம் முதலியன. இவை அழகு கருதிய ஒப்பனை அல்ல. பொருள் விளக்கத்திற்கு இன்றியமையாதன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஏடு தந்த பாடம்

தமிழ் பயில்வோர்க்கு இச்சிக்கல் புதியதன்று. பனையோலை கிழியும் என அஞ்சி ஏடெழுதுவோர் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது. பாட்டின் அடிகளும் உரைநடை போலவே தொடர்ந்து செல்லும். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய டாக்டர் உ.வே. சாமிநாதையர் போன்றோர், பாட்டு எது, உரை எது, மேற்கோள் எது எனப் பிரித்தறியவே பேருழைப்பை நல்க வேண்டியதாயிற்று. பின்னர் 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த பதிப்புகளை வெளியிட்டார். அவற்றால் பழைய இலக்கியம் எளிய வாசகர்க்கும் கைவந்தது. நூலின் சொல் மாறவில்லை. சொல் நின்ற இடமே மாறியது.

அரபு எழுத்து வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பார், உயிரொலிகளைக் காட்ட, மூல எழுத்தினின்று வேறுபட்ட நிற மையால் புள்ளிகள் இடும் முறையை வகுத்தார் என்பது மரபு. அடுத்த நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத், நிறப் புள்ளிகளுக்கு மாற்றாகச் சிறு குறிகளை அமைத்தார் என்பர். இன்றைய கணிப்பொறித் திரையில் கட்டளைச்சொல் ஒரு நிறத்திலும் குறிப்புரை வேறொரு நிறத்திலும் தோன்றுவது இவ்வழிப்பட்ட சிந்தனையே எனலாம்.

அறிஞர் முயற்சிகள்

நிரலை மாந்தர் படிப்பதற்குரிய இலக்கியமாகவே எழுத வேண்டும் என்னும் கருத்தை டொனால்டு நூத் 1984இல் முன்வைத்தார். ரொனால்டு பேக்கர், ஆரன் மார்க்கஸ் ஆகிய இருவரும் அச்சுக்கலை நெறிகளைச் சி மொழி நிரல்களுக்குப் பொருத்தி 1990இல் ஒரு நூல் வெளியிட்டனர். கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழியில், வரியின் முன் விடும் இடைவெளி இலக்கண விதியாகவே ஆயிற்று.

தோற்றம் பொய்த்தால்

சி போன்ற பல மொழிகளில் கணிப்பொறி இவ்விடைவெளியைப் பொருட்படுத்துவதில்லை. இங்கேதான் இடர் தோன்றுகின்றது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

மதிப்பெண் 40க்குக் குறைவு எனில்
    "தோல்வி" என எழுது
    மறுதேர்வுப் பட்டியலில் சேர்

இவ்வரிகளைக் காணும் நாம், தோற்றவர் மட்டுமே பட்டியலில் சேர்வர் எனக் கொள்வோம். ஆனால் சி மொழியில் அடைப்புக்குறி இடாத நிபந்தனை, அடுத்துள்ள ஒரு கட்டளையை மட்டுமே ஆளும். எனவே மூன்றாம் வரி அனைவர்க்கும் பொதுவாகிவிடும். நூறு பெற்ற மாணவரும் மறுதேர்வுப் பட்டியலில் இடம்பெறுவார்!

இது வெறும் கற்பனை அன்று. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருளில் இத்தகைய பிழை வெளிப்பட்டது. நிபந்தனையின் கீழ் ஒரே கட்டளை இருமுறை இடம்பெற்று, இரண்டும் ஒரே அளவு உள்தள்ளி நின்றன. இரண்டாவது கட்டளை நிபந்தனைக்கு உட்படாமல் எப்போதும் இயங்கியது. அதனால் இணையத் தொடர்பின் மறுமுனையில் இருப்பவர் மெய்யானவரா என்னும் சோதனையின் இன்றியமையாப் பகுதி நடைபெறாமலே போயிற்று. கண் கண்டது ஒன்று. பொறி செய்தது மற்றொன்று.

'வேங்கை' என்பது சேர்ந்து நின்றால் புலியையோ மரத்தையோ குறிக்கும். 'வேம் கை' எனப் பிரிந்தால் வேகின்ற கை ஆகும். இதனைப் பொதுமொழி என இலக்கணத்தில் படிக்கும் நமக்கு, இடம் மாறப் பொருள் மாறும் என்பது விளங்காத ஒன்றன்று.

கைக்கொள்ள வேண்டிய நெறிகள்

1. ஒரு வரியில் ஒரு கட்டளை மட்டுமே எழுதுக.

2. அடங்கிய கட்டளைகளைச் சீராக உள்தள்ளுக. 1983இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இரண்டு முதல் நான்கு எழுத்திடம் வரை தள்ளுவதே நன்று எனக் கண்டது.

3. கட்டளை ஒன்றே ஆயினும் அடைப்புக்குறி இடுக.

4. ஒரு பணி முடிந்து மறுபணி தொடங்குமிடத்தில் ஒரு வெற்று வரி விடுக.

5. நிறத்தை மட்டுமே நம்பற்க. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதோர் உளர். கறுப்பு வெள்ளை அச்சிலும் நிறம் மறையும்.

6. நிரலை ஒழுங்குபடுத்தும் கருவிகளைப் பயன்படுத்துக. அவை நிரலின் உண்மையான அமைப்பிற்கேற்ப வரிகளை நிறுத்தும். மேற்கண்ட எடுத்துக்காட்டின் மூன்றாம் வரியை அவை இடப்புறம் தள்ளிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

முடிவுரை

நிரல் இயங்கிவிட்டால் போதும் என எண்ணும் மாணவர் பலர். இயங்கும் நிரலையும் நாளை ஒருவர் திருத்த வேண்டி வரும். அவர் நமக்குப் பின் வரும் மாணவராக இருக்கலாம். எழுதியதை மறந்துவிட்ட நாமாகவும் இருக்கலாம். ஏட்டை எழுதியவர் விடுத்த இடைவெளியைத் தேடிப் பதிப்பாசிரியர்கள் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். அத்தகைய சுமையை நமக்குப் பின் வருவோர்மீது ஏற்றாதிருத்தல் நம் கடன். வரப்பை நேராகக் கட்டுபவருக்குத் தம் வயல் மட்டுமன்றி அண்டை வயலும் நன்றி கூறும்.