எலும்பைச் சேமிக்கும் பருவம்

எலும்பு மண்டலப் பாடத்தை 206 என்ற எண்ணோடு நாம் முடித்துவிடக் கூடாது. முதுமையில் நம் எலும்பு எவ்வளவு தாங்கும் என்பது பெருமளவு பள்ளிப் பருவத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது. இதை மாணவர்கள் தாமே உணர்வதற்கு நான் பின்பற்றும் முறையை இங்கே பகிர்கிறேன்.

செயல்பாடு: வேகவைத்துச் சதை நீக்கிய இரண்டு கோழிக்கால் எலும்புகளில் ஒன்றை நீரிலும், மற்றொன்றை வினிகரிலும் போட்டு மூடி வைக்கிறோம். இடையில் ஒருமுறை வினிகரை மாற்றுகிறோம். ஐந்து நாள்களில் வினிகரில் இருந்த எலும்பு ரப்பர் போல வளைகிறது. "டீச்சர், எலும்போட பலம் எங்கே போச்சு?" என்று கேள்வி எழும்போதுதான் பாடம் தொடங்குகிறது. கால்சியம் உப்புகளை அமிலம் கரைத்துவிட்டது. கொலாஜன் என்ற புரதம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உறுதிக்குக் கால்சியமும், எளிதில் உடையாமல் இருக்கப் புரதமும் தேவை என்பது அவர்களுக்கு விளங்கிவிடும்.

விளக்கம்: எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும், புதியதைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. இதை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோடு ஒப்பிடுகிறேன். 18 முதல் 20 வயதுக்குள் ஏறத்தாழ 90 விழுக்காடு எலும்புச் சேமிப்பு முடிந்துவிடுகிறது. 30 வயதையொட்டி அது உச்சத்தை அடைகிறது. பிறகு எடுப்பதே மிகுதி. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இழப்பு இன்னும் விரைவாகிறது. சேமிப்பு குறைவாக இருந்தால் எலும்புப்புரை நோய் வருகிறது. சிறு சறுக்கலிலும் இடுப்பு எலும்பு முறிகிறது.

கலந்துரையாடல்: சேமிப்பு எங்கிருந்து வரும்? 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் உண்டு. அரிசியில் 10 மி.கி. அளவுதான். முருங்கைக்கீரை, எள், பால், மோர், முள்ளோடு உண்ணும் நெத்திலி எனப் பட்டியலை மாணவர்களே நீட்டுகிறார்கள். கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் நேரடியாகத் தோலில் பட வேண்டும். கண்ணாடி சன்னல் வழியே வரும் வெயில் உதவாது.

வீட்டுப்பணி: தாத்தா, பாட்டி இருக்கும் வீட்டில் குளியலறைத் தரை வழுக்குகிறதா, இரவில் நடைபாதையில் வெளிச்சம் உள்ளதா என்று பார்த்து எழுதி வரச் சொல்கிறேன். முதியோரின் எலும்பைக் காப்பதில் விழாமல் தடுப்பதும் பாதி வேலை.

எலும்பு வலுப்பட அதன்மேல் சுமையும் அதிர்வும் விழ வேண்டும். ஓட்டம், கயிறு தாண்டுதல், கபடி எல்லாம் அதைத் தருகின்றன. எனவே உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும்போது, பிள்ளைகளின் சேமிப்பில்தான் கை வைக்கிறோம். உயர்நிலை வகுப்புக்கு வந்ததும் விளையாட்டிலிருந்து ஒதுங்கும் மாணவிகளுக்கு இந்த இழப்பு இருமடங்கு. அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து மைதானத்துக்கு அனுப்புவோம்.

நாற்பதைக் கடந்த நமக்கும் வழி அடைபடவில்லை. விரைவு நடை, மாடிப்படி, கேழ்வரகுக் கஞ்சி, புகையிலை தவிர்த்தல் ஆகியவை இழப்பின் வேகத்தைக் குறைக்கும். உயரம் குறைவதாகத் தோன்றினாலோ, முதுகுவலி நீடித்தாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மாலையில் மாணவர்களோடு மைதானத்தை நான்கு சுற்று நடந்தால் இரு தலைமுறைக்கும் பயன்.