கல்லில் நின்ற பெயர்கள்

நுழையும்முன்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு வழிபடுவது தமிழரின் தொன்மரபு. அரசர்களின் வெற்றியைச் செப்பேடுகள் புகழ்ந்தன. ஊரார் நட்ட கற்கள் வீரனின் பெயரைக் காத்தன. படைவீரர் நினைவைப் போற்றும் இடங்களில் எவர் பெயர் நிற்கிறது, எவர் பெயர் விடுபட்டது என்பதை வாலாஜாபாத்தை ஒட்டிய பகுதியிலிருந்து இப்பாடம் காண முற்படுகிறது.

புள்ளலூர்க் களம்

பாலாற்றங்கரையில் அமைந்த ஊர் வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூர், ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைமுகாமாக விளங்கியது. காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த இந்நிலப்பரப்பில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில் இருவேறு காலத்துப் போர்களைக் கண்ட சிற்றூர் ஒன்று உண்டு. அதுவே புள்ளலூர்.

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மைப் பகைவரை அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. பகைவன் யார் என்பதை அச்செப்பேடு சொல்லவில்லை. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியே அவன் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பகை மன்னனின் பெயருக்கே இடமில்லாத ஆவணத்தில் போரிட்ட வீரர்களின் பெயர்களைத் தேடுவது வீண்.

1780 செப்டம்பர் 10 அன்று இவ்வூரில் மீண்டும் பெரும்போர் மூண்டது. கர்னல் வில்லியம் பெய்லி நடத்திவந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கம்பெனிப் படையை ஐதர் அலியும் திப்புவும் சூழ்ந்து தாக்கினர். மைசூர்ப் படையின் ஏவுகணைகள் வானில் பாய்ந்தன. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பக்சார் போரில் வென்று புகழ்பெற்ற ஹெக்டர் மன்றோ பெரும்படையுடன் காஞ்சிபுரத்திலேயே இருந்தும் உரிய வேளையில் துணைக்கு வந்து சேரவில்லை. பின்னர் அவர் தம் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். சரணடைந்த பெய்லி, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782இல் இறந்தார்.

பெய்லியின் படையில் பெரும்பகுதியினர் சிப்பாய்கள் என அழைக்கப்பட்ட இந்நாட்டு வீரர்கள். உழவும் நெசவும் பிற தொழில்களும் செய்த குடும்பங்களிலிருந்து கூலிக்காகப் படையில் சேர்ந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். எதிரே நின்ற மைசூர்ப் படையினரும் இம்மண்ணின் மக்களே.

இன்று புள்ளலூருக்குச் செல்வோர் வயல்களுக்கிடையே கூர்நுனித் தூண்கள் இரண்டைக் காணலாம். இவற்றை 1780ஆம் ஆண்டுப் போரின் சின்னங்கள் எனப் பலர் கருதிவிடுகின்றனர். உண்மையில் இவை மறு ஆண்டு, 1781 ஆகஸ்டு 27 அன்று, அயர் கூட் தலைமையில் அதே பகுதியில் நிகழ்ந்த போரில் பட்ட ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லப் என்னும் இரு ஆங்கில அதிகாரிகளின் நினைவுச் சின்னங்கள். அவர்களுடன் வீழ்ந்த சிப்பாய்களுக்கு அங்குக் கல் இல்லை. வென்றவர் பக்கத்திலும் நிலைமை இதுவே. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1780ஆம் ஆண்டுப் போர் பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. ஐதரையும் திப்புவையும் பல்லக்கில் அமர்ந்த பெய்லியையும் அதில் அடையாளம் காணலாம். வரிசை வரிசையாக நிற்கும் வீரர்களோ ஒரே அச்சில் வார்த்த முகத்தினர்.

நாய்க்கும் ஒரு பெயர்

புள்ளலூரில் வென்ற அதே மகேந்திரவர்மனின் காலத்தில், ஊரார் தம் வீரனை நினைவுகூர்ந்த முறை முற்றிலும் வேறானது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், அம்மன்னனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்துறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. வில்லேந்திய வீரனின் உருவத்திற்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வட்டெழுத்தில் தனிச் செய்தியே பொறிக்கப்பட்டிருக்கிறது. மன்னனின் வெற்றியைப் பாடிய செப்பேடு பகையரசனின் பெயரை விட்டுவிட்டது. ஊரார் நட்ட கல்லோ நாயின் பெயரையும் விடவில்லை.

கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வீரனை வாழ்த்துவது வரை நடுகல் எடுக்கும் நிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் இம்மரபின் பழமையை உறுதிசெய்தன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் பட்ட அந்தவன் என்பவனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கி நிற்கிறது.

அருங்காட்சியகத்தில்

தருமபுரியிலுள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் பல ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. அங்கு ஒரு கல்லின் முன் நிற்கும் மாணவர் முதலில் ஆட்சியாண்டையும், அடுத்து வீரன் எவருடைய சேவகன் என்பதையும், பின்னர் அவன் பெயரையும், இறுதியாக அவன் எதற்காகப் பட்டான் என்பதையும் தேடிப் படிக்கலாம். பெரும்பாலான கற்கள் இவ்வளவையும் சில வரிகளுக்குள் சொல்லிவிடுகின்றன.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1948இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் வேறு வகையானது. அங்குக் காரன்வாலிஸின் பளிங்குச் சிலை ஓங்கி நிற்கிறது. அதன் பீடத்தில் திப்புவின் மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. படைக்கலன்களும் சீருடைகளும் பதக்கங்களும் கண்ணாடிப் பேழைகளுக்குள் உள்ளன. சிலையின் முன் நிற்கும் நேரத்தைச் சற்றுக் குறைத்து அப்பேழைகளின் முன் நின்றால், வாளைப் பிடித்த கையும் சீருடையை அணிந்த உடலும் யாருடையவை என்ற கேள்வி எழும்.

சிப்பாயின் பெயர் கல்லேறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1931இல் திறக்கப்பட்ட தில்லி இந்தியா வாயிலில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன. அதன் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த ஏறத்தாழ 26,000 வீரர்களின் பெயர்கள் கருங்கற் பலகைகளில் தனித்தனியே இடம்பெற்றன. வருவோர் தம் ஊராரின் பெயரைத் தேடி விரலால் தடவிப் படிக்கின்றனர்.