வலிமை மட்டும் போதுமா?
(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

புவி ஒரு பெரிய காந்தம் என்று வில்லியம் கில்பர்ட் 1600இல் எழுதினார். அக்காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறினை நாம் ஆய்வுக்கூடத்தில் விலகல் காந்தமானி கொண்டு காண்கிறோம். அது ஓரிடத்து அளவு. உலகம் முழுவதற்கும் புலத்தை அறிய வேண்டுமாயின், கடல் பரப்பெங்கும் நிலையங்கள் அமைக்க இயலாது. எனவே செயற்கைக்கோள்களின் துணை வேண்டியதாயிற்று.

இதற்கு வேண்டிய கணிதத்தை காஸ் 1839இலேயே தந்துவிட்டார். மின்னோட்டம் இல்லாத வெளியில் காந்தப் புலத்தை ஒரு மின்னழுத்தம் போன்ற சார்பிலிருந்து பெறலாம். அச்சார்பைப் பல உறுப்புகளின் கூட்டாக எழுதலாம். அளவீடுகளுக்கு மிகவும் பொருந்தும் கெழுக்களை மீச்சிறு வர்க்க முறையில் காண்பதே மாதிரி அமைத்தல் எனப்படும். 13ஆம் படி வரை எழுதினால் 195 கெழுக்கள் வரும். அதற்கு மேற்பட்ட படிகளில் புவியோட்டுப் பாறைகளின் காந்தம், உட்கருவிலிருந்து எழும் புலத்தை மறைத்துவிடுகிறது.

1965 முதல் 1971 வரை ஓ.ஜி.ஓ. வரிசைச் செயற்கைக்கோள்கள் புலத்தின் வலிமையை மட்டும் அளந்தன. எல்லா இடத்திலும் வலிமை தெரிந்தால் திசையைக் கணக்கிட்டுவிடலாம் அன்றோ? முடியாது என்று ஜார்ஜ் பேக்கஸ் 1970இல் காட்டினார். 40,000 நானோடெஸ்லா புலத்திற்குச் செங்குத்தாக 400 நானோடெஸ்லா பிழை சேர்ந்தாலும், மொத்தம் ஏறத்தாழ 40,002 தான். வெக்டர் கூட்டல் அறிந்தவர்க்கு இது விளங்கும். வலிமையை மட்டும் அளக்கும் கருவிக்கு அப்பிழை தென்படுவது அரிது. காந்த நடுக்கோட்டின் அருகே இத்தகைய பிழை மிகுதியாயிற்று.

ஆகவே 1979 அக்டோபரில் ஏவப்பட்ட மாக்சாட், புலத்தின் மூன்று கூறுகளையும் அளந்தது. ஆனால் பறக்கும் கருவி எத்திசை நோக்கியிருக்கிறது என்பதை எவ்வாறு அறிவது? விண்மீன்களைப் படம்பிடிக்கும் காமிராக்கள் அதனை உரைத்தன. 50,000 நானோடெஸ்லா புலத்தில் ஒரு பாகை தவறினால் 870 நானோடெஸ்லா அளவுக்குப் பிழை நேரும்! 2013 நவம்பர் 22இல் ஏவப்பட்ட ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் மூன்றிலும் வெக்டர் காந்தமானியும் விண்மீன் காமிராக்களும் ஒரே தாங்கியில் இறுகப் பொருத்தப்பட்டன.

இன்னுமொரு செய்தி. சரிவு ஊசி கிடையாக நிற்கும் இடங்களை இணைப்பதே காந்த நடுக்கோடு. அது செல்லும் வழி தெரிந்தால், வலிமை அளவுகளிலிருந்தே புலத்தைக் கண்டுவிடலாம் என்று 1997இல் நிறுவப்பட்டது. அக்கோடு நம் நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. விண்ணில் கருவி பறக்கும் இந்நாளிலும், மண்ணில் நிற்கும் ஊசிக்கு மதிப்புண்டு என்பதை இதனால் உணரலாம்.